பழைய சுவர்களுக்குப் புதிய பலம்

பூகம்பத்தைத் தாங்கும்படி வீடு கட்டுவது எவ்வாறு என்று விளக்கும் நூல்களுக்கும் விதிகளுக்கும் நம் தேசத்தில் பஞ்சமில்லை. எனினும் அவற்றுள் பெரும்பாலானவை இனிமேல் கட்டப்படப் போகும் வீட்டைப் பற்றியே பேசுகின்றன. ஜனங்களோ, பாட்டனார் காலத்தில் கல்லையும் மண்ணையும் கொண்டு எழுப்பிய சுவர்களுக்குள்ளும், முப்பது வருஷங்களுக்கு முன்பு ஒரு மேஸ்திரி தம் அநுபவத்தையே கணக்காகக் கொண்டு நிறுத்திய தூண்களின் மேலும், குழந்தை குட்டிகளோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். புதிய விதி எவ்வளவு சிறந்ததாயினும், அது இயற்றப்படுவதற்கு முன்பே எழும்பிவிட்ட கட்டடத்தை அதனால் காப்பாற்ற முடிவதில்லை. அத்தனை கட்டடங்களையும் இடித்துவிட்டு மறுபடியும் கட்டுவது எந்தச் சர்க்காராலும் ஆகாத காரியம். ஆகவே, உயிர்களைக் கணக்கில் வைத்துப் பார்த்தால், நிற்கிற கட்டடத்தை நின்ற நிலையிலேயே பலப்படுத்தும் தொழிலுக்கே பூகம்ப விஞ்ஞானத்தில் முதலிடம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதன் அவசியத்தை நமக்குக் கொடூரமாக உணர்த்தியது கிள்ளாரி என்னும் கிராமம். 1993-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 30-ஆம் தேதி, விநாயகர் உற்சவத்தை முடித்துக்கொண்டு வந்து படுத்த கிராமத்தார் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்த வேளையில், விடியற்காலை நான்கு மணி அடிக்கச் சில நிமிஷங்களே இருக்கும்போது, மகாராஷ்டிரத்தின் லாத்தூர், உஸ்மானாபாத் ஜில்லாக்களில் பூமி குலுங்கியது. அந்தப் பூகம்பத்தின் அளவு ஆறுக்குச் சற்று மேல். உலகத்தில் வருஷந்தோறும் நூற்றுக்கு மேற்பட்ட தடவை நிகழ்கிற ரகம் அது. ஆயினும் ஏறக்குறைய 8,000 பேர் அந்த ஒரு விடியற்காலையில் மாண்டார்கள். அப்போதிருந்த பூகம்ப வரைபடத்தில் அந்தப் பிரதேசம் மிகக் குறைந்த அபாயமுள்ள முதல் மண்டலத்தில் சேர்க்கப்பட்டிருந்தது. ஆதலால் அங்கே யாரும் பூகம்பத்தை நினைத்து வீடு கட்டியதில்லை.

அங்கே வீடு கட்டிய விதத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. தக்காணத்துக் கரிசல் பூமியில் கருங்கல்லுக்குக் குறைவில்லை. நல்ல மரமும் சுண்ணாம்பும் விலை கொடுத்து வாங்க வேண்டியவை. ஆகவே, செதுக்காத கற்களை மண்ணில் பதித்து, இரண்டடிக்குக் குறையாத கனத்தில், சில இடங்களில் மூன்றடி நான்கடி கனத்தில்கூட, சுவர் எழுப்பினார்கள். வெயிலின் உக்கிரத்தைத் தணிப்பதற்காக மரச் சட்டங்களின் மேல் பலகை பரப்பி, அதன் மேல் ஓரடி இரண்டடி உயரத்துக்கு மண்ணைக் கொட்டித் தட்டிக் கூரை அமைத்தார்கள். சுவரின் கனத்தைக் கண்டு வீட்டுக்காரர் நிம்மதி கொண்டார். ஆனால் வெளியே ஒன்றாகத் தெரியும் அந்தச் சுவர் உள்ளே இரண்டு சுவர். வெளிமுகத்துக் கற்கள் ஒரு வரிசை, உள்முகத்துக் கற்கள் ஒரு வரிசை; இரண்டுக்கும் நடுவே கல் சில்லும் மண்ணும் போட்டு நிரப்பிய இடைவெளி. இரு முகங்களையும் சேர்த்துப் பிடிக்கும் நீளமான கல் ஒன்றுகூட இராது. பூமி அசைந்ததும் மண்ணின் பிடிப்பு தளர்ந்து, நடுவிலிருந்த சில்லுகள் கீழே இறங்கி ஆப்புப் போலச் செருகிக்கொண்டு இரு முகங்களையும் தள்ளிப் பிளக்க, வெளிமுகம் புடைத்துச் சரிய, உள்முகமும் அதன் பின்னே சாய, சுவர்களை நம்பியிருந்த கூரை மண் முழுவதும் உறங்குகிறவர்களின் மேல் இறங்கியது.

பூகம்பத்தின் போது கட்டடத்தின் மேல் வந்து மோதும் வெளிச்சக்தி ஏதும் இல்லை. தரை திடீரென்று பக்கவாட்டில் நகர, மேலே இருக்கும் பாரம் தன் இடத்தை விட்டு நகர மறுப்பதால் உண்டாகும் இழுபறிதான் சுவரை முறிக்கிறது. ஆகையால் பாரம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு அதிகம் அந்த விசை. நம் முன்னோர்கள் பலம் என்று எண்ணிய கனமே இங்கே பகையாகிவிடுகிறது. இதை உணர்ந்தவர்கள், பழைய வீட்டைப் பலப்படுத்தப் புகும்போது முதலில் கை வைப்பது கூரையில். வருஷா வருஷம் ஒழுகலை அடைப்பதற்காக மேலே மேலே போட்ட மண்ணை அள்ளி எறிந்துவிட்டால், ஒரு பைசாக் கம்பியும் சிமெண்டும் செலவாகாமலே அபாயத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது.

அடுத்த வேலை சுவரின் இரு முகங்களையும் இணைப்பது. இதைப் போலப் பொறுமையைக் கேட்கும் கொத்து வேலை வேறொன்று உண்டா என்பது சந்தேகமே. உயரத்தில் இரண்டடிக்கு ஒன்று, நீளத்தில் நான்கடிக்கு ஒன்று என்று கொத்தனார் சுவரில் அடையாளமிடுகிறார். அந்த இடத்துப் பூச்சை உதிர்த்து, கல்லைச் சுற்றியிருக்கும் மண்ணைச் சிறு கம்பியால் சுரண்டி, கல்லை இப்படியும் அப்படியும் மெல்ல அசைத்து வெளியே எடுக்கிறார். சம்மட்டியைத் தொடவே கூடாது. ஓர் அடி அடித்தாலும் அக்கம்பக்கத்துக் கற்கள் இடம் பெயர்ந்து, மருந்தே நோயாகிவிடும். பின்பு உள்ளே இருக்கும் சில்லையும் மண்ணையும் கையால் நோண்டி, மறுபுறத்துக் கல்லின் முதுகைத் தொட்டதும், உள்ளிருந்து கம்பியால் தட்டி அது எது என்று கண்டுகொண்டு, வீட்டுக்குள் போய் அந்தக் கல்லையும் அவ்வாறே நிதானமாக எடுக்கிறார். இப்போது சுவருக்குக் குறுக்கே, நடுவில் குறுகியும் இரு முனைகளில் அகன்றும் ஒரு துவாரம் உண்டாகிறது. அதில் பாதி வரை கான்கிரீட்டை இட்டு, இரு முனையும் கொக்கியாக வளைத்த எட்டு மில்லிமீட்டர் கம்பி ஒன்றைப் படுக்க வைத்து, மீதியையும் கான்கிரீட்டால் நிரப்பி, பத்து நாளேனும் தண்ணீர் விட்டு ஆற வைக்கிறார். ஆரம்பத்தில் வீடு கட்டியவர் ஒரு நீளக் கல்லை வைத்திருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கக்கூடிய வேலை இது. இப்போது ஒரு துவாரத்துக்கே வெகுநேரம் பிடிக்கிறது. முடிந்த பிறகு வெளியே காண்பதற்கு ஒன்றும் இராது.

மூன்றாவது, நான்கு சுவர்களையும் ஒன்றோடொன்று பிணைப்பது. மாட்டுவண்டிச் சக்கரத்துக்குக் கொல்லர் பழுக்கக் காய்ச்சிய இரும்புப் பட்டாவை மாட்டிக் குளிரவைக்கும்போது, தனித்தனி மரத்துண்டுகளாகிய ஆரமும் வட்டையும் ஒரே பொருளாக இறுகிவிடுவதை நாம் அறிவோம். வீட்டுக்கும் அவ்வாறு ஒரு பட்டா வேண்டும். புதிய வீட்டில் ஜன்னல் தலைமட்டத்தில் கம்பி வைத்து ஓட்டும் லிண்டல் பட்டை அந்தக் காரியத்தைச் செய்கிறது. பழைய வீட்டில் அதற்காகச் சுவரை அறுக்க முடியாதாகையால், வெளியே கச்சை கட்டுகிறார்கள். ஜன்னலுக்கு மேலே சுற்றிலும் ஒரு பட்டை அகலத்துக்குப் பூச்சை நீக்கி, கற்களின் இடுக்குகளை அரை அங்குல ஆழம் சுரண்டிக் கழுவி, பற்றவைத்த கம்பிவலையை நீண்ட ஆணிகளால் சுவரோடு இறுக்கி, ஒரு வலை முடியும் இடத்தில் அடுத்த வலை ஓரடியேனும் அதன் மேல் ஏறும்படி பார்த்துக்கொண்டு, சிமெண்டுக் கலவையை இரண்டு தடவையாகப் பூசுகிறார்கள். மூலைகளிலும் கதவு ஜன்னல்களின் ஓரங்களிலும் இதே மாதிரி நெட்டுவாக்கில் பட்டைகள் இறங்குகின்றன. மூலையில் வலையைத் துண்டு போடாமல் மடக்கிக் கொண்டுபோவது மிக முக்கியம். பூகம்பத்தில் வீடு முதலில் வாய் பிளப்பது மூலையிலேதான்.

இந்த முறைகளெல்லாம் எங்கோ மேல்நாட்டில் பிறந்து இறக்குமதியானவை என்று எண்ண வேண்டாம். 1960-இல் ஜெய் கிருஷ்ணா ரூர்க்கியில் தொடங்கிய பூகம்பப் பொறியியல் பள்ளியும், அங்கே அவரோடு உழைத்த ஆனந்த் ஸ்வரூப் ஆர்யா போன்றவர்களும், கல்லும் செங்கல்லும் மண்ணுமாகிய ஏழைகளின் கட்டடங்களை ஆராய்ச்சிக்குரிய விஷயமாக மதித்து, கொத்தனார் செய்யக்கூடிய எளிய உபாயங்களை வகுத்தார்கள். பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பதற்கும் பூகம்பத்துக்கு எதிராகப் பலப்படுத்துவதற்கும் உரிய இந்தியத் தர நிர்ணய ஏடு, 13935 என்னும் எண்ணுடன், 1993-இலேயே வெளிவந்தது. கிள்ளாரி இடிந்ததும் அதே வருஷம்.

அறிவு இருந்தும் அது ஜனங்களிடம் போய்ச் சேருவது எவ்வளவு கஷ்டம் என்பதையும் கிள்ளாரி இருக்கும் அந்த மராத்வாடாப் பிரதேசத்திலேயே கண்டோம். உலக வங்கியின் கடனைக் கொண்டு நடந்த புனருத்தாரணத் திட்டத்தில், முழுவதும் இடிந்த கிராமங்களுக்குப் புதிய வீடுகள் கட்டியது தவிர, சேதம் அடைந்தும் இடியாமல் நின்ற வீடுகளைப் பழுதுபார்த்துப் பலப்படுத்த லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்களுக்குப் பண உதவி கொடுக்கப்பட்டது. ஆனால் அநேகர் அந்தப் பணத்தைக் கொண்டு பழைய வீட்டின் பக்கத்தில் செங்கல்லும் சிமெண்டுமாக ஓர் அறையைப் புதிதாகக் கட்டிக்கொண்டார்கள். பழைய கல் வீடு பழையபடியே நின்றது. அவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. கல் சுவருக்கு அடியிலிருந்து உறவினரின் பிரேதத்தை இழுத்தெடுத்தவரிடம் போய், அதே கல் சுவரில் இத்தனை துவாரமிட்டு இத்தனை கம்பி வைத்தால் அது உங்களைக் காப்பாற்றும் என்று சொன்னால், வார்த்தையை மட்டும் கேட்டு அவர் எவ்வாறு நம்புவார்? புதிய அறையைக் கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம். பூச்சுக்குள் மறைந்துபோகும் கம்பியின் மகிமையை ருசுப்பிக்க ஒரு பூகம்பமே வந்தாக வேண்டியிருக்கிறது.

அந்த ருசு நேபாளத்தில் கிடைத்தது. 1934-ஆம் வருஷத்து மகா பூகம்பத்தை மறக்காத தேசம் அது. அந்த நினைவு நாளையே அங்கே பூகம்பப் பாதுகாப்பு நாளாக அநுசரிக்கிறார்கள். 1990-களில், பூகம்பத் தொழில்நுட்பத்துக்கான நேபாளத் தேசிய சங்கத்தார் காட்மாண்டுப் பள்ளத்தாக்கின் சர்க்கார்ப் பள்ளிக்கூடங்களைச் சோதித்துப் பார்த்தபோது, அவற்றில் பெரும்பான்மையானவை ஒரு பெரிய அதிர்ச்சியைத் தாங்கா என்று தெரிந்தது. செங்கல்லை மண்ணில் பதித்துக் கட்டிய, ஊராரே சேர்ந்து கல் சுமந்து எழுப்பிய பள்ளிகள் அவை. எல்லாவற்றையும் இடித்துக் கட்டுவதற்குப் பணம் இல்லை. புதிதாகக் கட்டும் செலவில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் பலப்படுத்திவிடலாம் என்று கணக்கிட்டு, பக்தபூருக்கு அருகே நாங்கேல் என்னும் கிராமத்திலிருந்த புவனேசுவரி பள்ளியில் 1999-இல் வேலையை ஆரம்பித்தார்கள்.

அவர்கள் கையாண்ட முறையில் என் மனத்தைக் கவர்ந்தது, வேலைக்கு வெளியூர்க் காண்டிராக்டரைக் கொண்டுவராமல் உள்ளூர்க் கொத்தனார்களையே பழக்கியதுதான். பள்ளிக்கூடத்துச் சுவரில் கம்பி கட்டக் கற்றுக்கொண்டவர், அடுத்த மாதம் பக்கத்துத் தெருவில் தம் மைத்துனனுக்கு வீடு கட்டும்போது அந்த வித்தையை மறந்துவிட மாட்டார் அல்லவா? தந்தையர் தாய்மாரை நம்பவைக்க இன்னோர் ஏற்பாடும் செய்தார்கள். ஒரு நடுங்கும் மேசையின் மேல் இரண்டு சிறிய மாதிரி வீடுகளை, ஒரே மாதிரிச் செங்கல்லும் ஒரே மாதிரி மண்ணும் கொண்டு, பக்கத்தில் பக்கத்தில் கட்டினார்கள். ஒன்றில் மட்டும் பட்டைகள் உண்டு. கூட்டம் சூழ்ந்து நிற்க மேசையைக் குலுக்கினால், பட்டையில்லாத வீட்டின் மூலையில் முதலில் ஒரு கீறல் தோன்றும். கீறல் விரிந்து, ஒரு சுவர் தனியே சாய்ந்து, அடுத்த குலுக்கலில் வீடு முழுவதும் செங்கல் குவியலாகிவிடும். மற்ற வீடு மேலும் சிறிது நேரம் குலுங்கியும் கீறல்களோடு நிற்கும். எழுத்தறியாத மூதாட்டிக்கும் அதில் விளங்காதது ஒன்றுமில்லை.

2015-ஆம் வருஷம் ஏப்ரல் 25-ஆம் தேதி நண்பகலுக்குச் சற்று முன்பு 7.8 அளவுள்ள பூகம்பம் நேபாளத்தை உலுக்கியது. ஏறக்குறைய 9,000 பேர் மாண்டார்கள். பள்ளிக்கூடங்கள் மட்டும் ஏழாயிரத்துக்கு மேல் சேதமடைந்தன. ஆயிரக்கணக்கான வகுப்பறைகள் தரைமட்டமாயின. அன்று சனிக்கிழமை, நேபாளத்தில் வார விடுமுறை நாள். முந்தின நாளோ மறுநாளோ அது நிகழ்ந்திருந்தால் அந்த வகுப்பறைகளில் எத்தனை குழந்தைகள் உட்கார்ந்திருப்பார்கள் என்பதை எண்ணும்போது நெஞ்சு நடுங்குகிறது. ஆனால் காட்மாண்டுப் பள்ளத்தாக்கில் அதற்கு முன்பே பலப்படுத்தி முடித்திருந்த நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகளில் ஒன்றும் இடிந்து விழவில்லை; மயிரிழைக் கீறல்களோடு நின்றன. வீடிழந்த குடும்பங்கள் பல அந்த வளாகங்களில் ஒதுங்கின.

பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்ற புத்தி ஜப்பானுக்கும் உண்டு. 1995-இல் கோபே நகரம் இடிந்தபோது, 1981-க்கு முந்தின விதிகளின்படி கட்டியவையே பெரும்பாலும் நாசமாயின என்று கண்டு, பழைய கட்டடங்களைப் பலப்படுத்துவதற்கென்றே அதே வருஷத்தில் தனிச் சட்டம் செய்தார்கள். 2002-இல் அந்நாட்டுப் பொதுத் தொடக்க, நடுநிலைப் பள்ளிக் கட்டடங்களில் 44.5 சதவீதமே பாதுகாப்பானவை. 2016-இல் அது 98 சதவீதமாயிற்று. இதற்குப் பதினான்கு வருஷம் பிடித்தது என்பதைக் கவனிக்க வேண்டும். மிகுந்த செல்வமுள்ள தேசத்துக்கே அவ்வளவு காலம் வேண்டியிருந்தது.

அழகும் பழமையும் வாய்ந்த மாளிகைகளுக்கு வேறொரு முறை இருக்கிறது. அமெரிக்காவில் ஸால்ட் லேக் நகரத்தின் பழைய நகர மண்டபத்தை 1989-இல் அஸ்திவாரத்திலிருந்து பிரித்து, நானூற்றுக்கு மேற்பட்ட ரப்பர் மெத்தைகளின் மேல் உட்கார வைத்தார்கள். கீழே பூமி ஆடினாலும் மேலே மண்டபம் மெதுவாகவே அசையும். வியக்கத்தக்க சாதனையே, ஆயினும் அதன் செலவு குடியானவர் வீட்டுக்கு எட்டாதது.

நமக்கு மிக அருகில் இருக்கும் அபாயம் வேறொரு வகையைச் சேர்ந்தது. 2001-ஆம் வருஷம் குடியரசு தினத்தன்று காலையில் கட்சு பிரதேசத்தில் பூகம்பம் உண்டானபோது, இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த ஆமதாபாத்தில் அடுக்குமாடி வீடுகள் பல இடிந்தன. அவற்றுள் பல, கீழ்த்தளத்தைக் கார் நிறுத்துவதற்காகச் சுவரே இல்லாமல் வெறும் தூண்களாக விட்டு, மேலே நான்கைந்து மாடிகளைச் சுவர்களோடு எழுப்பியவை. மேல் மாடிகளின் சுவர்கள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு ஒரே பாளமாக அசைய, அசைவு முழுவதையும் கீழே உள்ள ஒல்லியான தூண்களே ஏற்க நேர்ந்தது. அத்தூண்களின் நீளக் கம்பிகளைச் சுற்றியிருந்த ரிங் கம்பிகள் எட்ட எட்டக் கட்டப்பட்டு, முனைகள் வெறும் செங்கோணமாக மடக்கப்பட்டிருந்ததால், கான்கிரீட் நொறுங்கியவுடன் ரிங்குகள் வாய் திறந்துகொண்டன. நீளக் கம்பிகள் வில்லாக வளைந்தன. மேல் மாடிகள் அப்படியே இறங்கின.

இந்த வர்ணனையைப் படிக்கும் சென்னைவாசி எவரும் தம் தெருவை ஒருமுறை நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியாது. 2002-இல் திருத்தப்பட்ட வரைபடத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மிதமான அபாயமுள்ள மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது. 1900-ஆம் வருஷம் பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பக்கத்தில் உண்டான பூகம்பம் ஆறுக்கு நெருங்கிய அளவுள்ளது; 2001 செப்டம்பரில் புதுச்சேரிக்கு எதிரே கடலில் உண்டான அதிர்ச்சியைச் சென்னை மாடிகளில் இருந்தவர்களில் பலர் உணர்ந்தார்கள். இமயமலை அடிவாரத்தின் அபாயம் நமக்கு இல்லை. அதைக் காட்டிப் பயமுறுத்துவது தவறு. ஆனால் கிள்ளாரிக்கு வந்த அளவு இங்கே வரவே வராது என்று சொல்லவும் எவராலும் முடியாது.

கார் நிறுத்தும் தளத்துத் தூண்களைப் பலப்படுத்துவதற்கு மார்க்கங்கள் தெளிவாக இருக்கின்றன. தூணுக்குச் சட்டை போடுவது ஒன்று: பழைய பூச்சையும் தளர்ந்த கான்கிரீட்டையும் உதிர்த்து, பரப்பைச் சொரசொரப்பாக்கி, சுற்றிலும் புதிய கம்பிகளை அஸ்திவாரத்திலிருந்து மேல் தளத்தைத் துளைத்துச் செல்லும்படி நிறுத்தி, நெருக்கமாக ரிங் கட்டி, ரிங்கின் முனைகளைச் செங்கோணத்தோடு நிறுத்தாமல் தூணின் நெஞ்சுக்குள் திரும்பும்படி 135 பாகைக்கு மடக்கி, நாலங்குலக் கனத்துக்குக் கான்கிரீட் இடுவது. தூண்களுக்கு இடையே, கார் போக்குவரத்துக்குத் தடையில்லாத சில இடங்களில், அஸ்திவாரத்தோடு கூடிய கான்கிரீட் சுவரையோ குறுக்கும் நெடுக்குமான எஃகுச் சட்டத்தையோ நிறுத்துவது இன்னொன்று. எது எங்கே வேண்டும் என்பதை மேஸ்திரியும் வீட்டுக்காரரும் கூடிப் பேசித் தீர்மானிக்கக் கூடாது. ஒரு மூலையில் மட்டும் பலத்தைக் கூட்டினால் கட்டடம் அதைச் சுற்றி முறுக்கிக்கொள்ளும். கட்டடப் பொறியாளர் ஒருவர் வரைபடத்தையும், அது இல்லாவிட்டால் கருவிகளால் தூணுக்குள்ளிருக்கும் கம்பிகளையும் சோதித்துக் கணக்கிட்ட பிறகே ஆணி அடிக்க வேண்டும்.

கடற்காற்றில் கம்பி துருப்பிடித்துத் தூண்களின் பூச்சு உதிரும்போது, குடியிருப்போர் சங்கங்கள் எப்படியும் பணம் வசூலித்துப் பழுதுபார்க்கத்தான் செய்கின்றன. தூண் கொத்தப்பட்டு, சாரம் கட்டி, முட்டுக் கொடுத்து, ஆட்கள் வேலையில் இறங்கியிருக்கும் அந்தச் சமயமே ரிங் கட்டுவதற்கும் ஏற்ற சமயம். தனியாகப் பின்னொரு நாள் செய்வதைவிடச் செலவு வெகுவாகக் குறையும். வேலை பெரும்பாலும் கீழ்த்தளத்தோடு நின்றுவிடுவதால், மேலே குடியிருப்பவர்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டிய அவசியம் சாதாரணமாக நேருவதில்லை. சில வாரங்களுக்குக் கார்களை மட்டும் வேறிடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.